திலகவதியார் காட்டிய நெறி

ஆண்டுதோறும் சித்திரைச் சதயத்தன்று அப்பர் பெருமானுக்குக் குருபூசை செய்து மகிழ்கின்றோம். அப்பெருமானைச் சைவத்துக்கு மீட்டுத் தந்த தமக்கையார் திலகவதியாரின் பெயரோ அறுபத்துமூவர் வரிசையில் இல்லை. ஆயினும் அவர் இன்றேல் அப்பர் இல்லை. சமயத்தாலும் கட்சியாலும் சொத்தாலும் ஒரு வயிற்றுப் பிறந்தோரே பிரிந்து நிற்கும் காலம் இது. ஆதலின், அவ்வம்மையார் ஒழுகிய நெறியைச் சிந்தித்தல் நமக்குப் பெரிதும் பயன் தரும்.

அவர் வாழ்ந்தது கி.பி. 7-ஆம் நூற்றாண்டு. சைவமும் சமணமும் தமிழகத்தில் எதிரெதிர் நின்ற காலம். திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப்பள்ளி கல்வியிற் சிறந்தது. சர்வநந்தி என்னும் சமண முனிவர் லோகவிபாகம் என்னும் நூலைக் கி.பி. 458-இல் நிறைவு செய்த ஊர் இதுவே என்பர் அறிஞர். பல்லவ மன்னன் குணபரன் பிற நெறியினின்றும் மீண்டு சிவநெறி சார்ந்த செய்தியைத் திருச்சிராப்பள்ளி மலைக்குகைக் கல்வெட்டு குறிக்கின்றது. அரசும் நாடும் இவ்வாறு இருநெறிப்பட்டுக் கிடந்த காலத்தே, திருவாமூரில் ஒரு குடும்பமும் இரண்டாயிற்று.

தந்தையார் புகழனார் மறைந்தார். தாயார் மாதினியாரும் உடன் சென்றார். மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்தார். உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து கதறிய கதறலுக்காகவே உயிர் தாங்கினார். அந்தத் தம்பியே பின்னர்ச் சமணம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார். யாருக்காக உயிர் தாங்கினாரோ, அவரே பிரிந்து போனார்! அம்மையார் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும்?

அவர் தம்பியைத் தூற்றினாரில்லை. உறவு அற்றது என்று கூறினாருமில்லை. கெடில நதிக்கரையில் உள்ள திருவதிகை வீரட்டானம் சென்று, நாள்தோறும் புலருமுன் எழுந்து, கோயிலை அலகிட்டு, மெழுகி, மலர் கொய்து, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். தம்பியை ஆட்கொள்ள வேண்டுமென்று இறைவனிடமே முறையிட்டார். நம்பிக்கை என்பது கைகட்டி வாளா இருத்தல் அன்று. வேண்டுகோளை இறைவனிடம் வைத்துவிட்டு, அன்றைய பணியை அன்றே செய்தல் என்பதை நாம் இங்கே உணர்தல் வேண்டும்.

சூலைநோயால் துடித்த தருமசேனர், சமைப்பவன் ஒருவனைத் தமக்கையிடம் அனுப்பினார். அம்மையார் சமணப்பள்ளிக்கு வர மறுத்துவிட்டார். கொள்கையில் அத்துணை உறுதி! ஆனால் அன்றிரவே தம்பி தாமே வந்து திருமடத்தில் அடிவீழ்ந்தபோது, “அன்று ஏன் போனாய்?” என்று அவர் கேட்டதாகச் சேக்கிழார் பெருமான் பாடவில்லை. எழுக என்றார், ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். அலகும் தோண்டியும் ஏந்தி, விடியற்போதில் கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். நெறியில் உறுதி, நெஞ்சில் ஈரம். இவை இரண்டும் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அன்று தமக்கையார் கையில் அலகு. பின்னர்த் தம்பியார் கையில் உழவாரம். நீற்றறையில் ஏழு நாள் அடைத்தோரையும், கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தோரையும் அப்பர் பழிவாங்க நினைத்தாரில்லை. மனம் மாறிய மன்னன் சமணப்பள்ளிகளை இடித்துக் குணதரவீச்சரம் எடுத்தான் என்று பெரியபுராணம் கூறும். அது மன்னன் செய்தது. அப்பர் ஏந்திய உழவாரமோ கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியதேயன்றி, எவர் வாழ்விடத்தையும் இடித்ததில்லை.

அன்பர்களே! உங்களை விட்டுப் பிரிந்து போன தம்பியோ, தங்கையோ, மகனோ இருக்கலாம். உங்கள் நெறியை விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் ஒருநாள் நள்ளிரவில் வந்து நின்றால், பழங்கணக்கை எடுக்காதீர்கள். ஒரு பிடி திருநீற்றை எடுத்துக் கொடுங்கள். அந்நாள் வரும்வரை அவர்பொருட்டு வேண்டிக்கொள்ளுங்கள். வீரட்டானத்து இறைவன் திலகவதியார் வேண்டுகோளுக்குச் செவி சாய்த்தவன். உங்கள் வேண்டுகோளுக்கும் செவி சாய்ப்பான்.

திருச்சிற்றம்பலம்.