நடுவில் ஒரு துபாஷி!

நாமக்கல் கோர்ட்டில் ஒரு காலை நேரம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். கூண்டில் இருபது வயதுப் பையன். சொந்த ஊர் ஒடிசாவில் ஏதோ ஒரு கிராமம். கோழிப்பண்ணை வேலைக்கு வந்தவன். அடிதடி வழக்கு. நீதிபதி தமிழில் கேட்கிறார்... 'உன் மேல் இன்ன குற்றச்சாட்டு. ஒப்புக்கொள்கிறாயா?'

பையன் முழிக்கிறான். பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த இந்தியில் ஒரு வரி சொல்கிறார். பையனுக்கும் இந்தி அரைகுறைதான். தலையை ஆட்டுகிறான்.

அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம்? 'ஆமாம், செய்தேன்' என்றா? இல்லை, 'நீங்க பேசறது காதுல விழுது சார்' என்றா?

அதைச் சொல்ல வேண்டியவர் நடுவில் நிற்கிறாரே, அவர்தான். அவர் சொல்வதுதான் ஏட்டில் ஏறும்.

சேலம், நாமக்கல் பக்கத்துக்கு இது புதுப் பிரச்னை இல்லை. இருநூற்றுச் சொச்சம் வருஷங்களுக்கு முன்பு, இந்தச் சீமையை ஆள யாரை அனுப்புவது என்று கம்பெனிக்காரர்கள் யோசித்தபோது, அவர்கள் மண்டையைக் குடைந்ததும் இதே 'நடுவில் நிற்கும்' ஆள்தான்!

1792. திப்பு சுல்தான் போரில் தோற்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. சேலமும் அதற்கு வடக்கே பாராமஹாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன (நாமக்கல் அப்போது சேலத்தோடு சேர்த்திதான். தனி மாவட்டம் ஆனது 1997-ல்). இங்கே குடியானவன் பேசுவது தமிழ். கொஞ்சம் தள்ளிப் போனால் தெலுங்கு, கன்னடம். பழைய வரிக் கணக்குகளைப் புரட்டினால் மராத்தி, பாரசீகம் என்று வேறு தலை சுற்றும்.

சென்னைக் கோட்டையில் சிவில் அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், அவர்களில் பலருக்கு உள்ளூர் பாஷை ஒரு வார்த்தை வராது. அவர்களுக்குக் காதும் வாயும் துபாஷிகள்தான். இரண்டு பாஷை தெரிந்தவன் துபாஷி. துரை ஒன்று சொல்வார், துபாஷி வேறொன்று சொல்வார். குடியானவன் அழுது புலம்புவான்... துபாஷி அதை ஒரே வரியில் முடித்துவிடுவார்.

துபாஷிக்கு அப்படி என்ன பெரிய அதிகாரம் என்கிறீர்களா? பாண்டிச்சேரிக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்.

1716. அங்கே பிரெஞ்சுக்காரர்களின் தலைமைத் துபாஷி நைனியப்ப பிள்ளை. நாட்குறிப்பு எழுதினாரே ஆனந்தரங்கப் பிள்ளை, அவருக்கு மாமா முறை. செல்வாக்கான மனிதர். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் அந்தப் பதவியில் இருப்பது ஜேசுயிட் பாதிரியார்களுக்குப் பிடிக்கவில்லை. கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். கொடுமை செய்தார், கலகம் தூண்டினார் என்று வழக்கு.

விசாரணையில் மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் யார் தெரியுமா? மானுவேல் என்பவர். அந்தப் பாதிரியார்களிடம் வேலை பார்த்த உபதேசியாரின் மகன்! எதிர்த்தரப்பு வீட்டுப் பிள்ளையே நடுவில் நிற்கிறார். சாட்சிகள் சொன்னது தமிழில். ஏட்டில் ஏறியது பிரெஞ்சில். அதன் கீழே கையெழுத்துப் போட்டவர்களுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்காக மொழிபெயர்த்த மனிதர், தன் வழக்கில் இன்னொருவனின் மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டார்.

கடைவீதியில் வைத்து ஐம்பது கசையடி. மூன்று வருஷம் சிறை. சொத்துகள் பறிமுதல். மறுவருஷமே நைனியப்பர் சிறையில் இறந்துபோனார். அவர் மகன் குருவப்பா கப்பலேறி பிரான்ஸ் வரை போய் நியாயம் கேட்டார். தீர்ப்பு ரத்தானது. அப்பாதான் உயிரோடு இல்லை.

சரி, சேலத்துக்குத் திரும்புவோம்.

அன்றைய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஒரு காரியம் செய்தார். சென்னை சிவிலியன்களை ஒதுக்கிவிட்டு, ராணுவ கேப்டன் ஒருவரைக் கலெக்டராகப் போட்டார். பெயர் அலெக்ஸாண்டர் ரீட். மைசூர்ப் போரில் உளவுத் தகவல் திரட்டியவர். ஊர்ப் பழக்கமும் பாஷையும் அறிந்தவர். அவருக்கு மூன்று உதவியாளர்கள், மூவரும் ராணுவத்தார். வடக்கே கிரஹாம். நடுவே தருமபுரியில் தாமஸ் மன்றோ. தெற்கே சேலம் பக்கம் மக்லியட்.

மன்றோவை உங்களுக்குத் தெரியும். சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்! அவர் சிலையாவதற்கு முன்பு, இந்தச் சீமையில் ஏழு வருஷம் கூடாரத்தில் உட்கார்ந்து குடியானவர்களோடு நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார். நிலம் எவ்வளவு, விளைச்சல் எப்படி, வரி எவ்வளவு கட்ட முடியும் என்று. ரயத்துவாரி என்று சரித்திரப் புத்தகத்தில் படித்தோமே, அது இந்தப் பேச்சு வார்த்தைகளில் வளர்ந்ததுதான். (இதனால் குடியானவன் வாழ்வில் தேனாறும் பாலாறும் ஓடிவிடவில்லை. பாஷை தெரிந்த துரை கேட்டாலும் வரி வரிதானே!)

ஆனால், வாசல் வழியாக அனுப்பப்பட்ட துபாஷி கொல்லைப்புறம் வழியாகத் திரும்பி வந்தார். 1802-ல் சென்னை மாகாணம் முழுக்க ஜில்லா கோர்ட்டுகள் என்று புது ஏற்பாடு. நீதிபதி வெள்ளைக்காரர். இந்து சட்டம் சொல்லப் பண்டிதர். குற்ற வழக்குகளுக்கு இஸ்லாமியச் சட்டம், அதற்கு ஃபத்வா கொடுக்க காஜி. சாட்சிக் கூண்டில் நிற்பவனோ காட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவன். அவன் சொல்வது எத்தனை வாய் மாறிப் போக வேண்டும், பாருங்கள்!

அதில் என்ன கஷ்டம் என்பீர்கள். நம் பக்கத்துப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அவன் கை வெச்சுட்டான்' என்கிறான் ஒருவன். அடித்தானா, திருடினானா, பெண்ணிடம் தவறாக நடந்தானா? மூன்றுக்கும் இதே வார்த்தைதான். மூன்றுக்கும் தண்டனை வேறு வேறு. 'கொன்னுபுடுவேன்' என்று சொல்லாத தாய் உண்டா? அதை அட்சரம் பிசகாமல் இங்கிலீஷில் எழுதி, ஒரு கொலை வழக்கில் வைத்துப் பாருங்கள். முன்பே திட்டமிட்டான் என்பதற்கு சாட்சியாகிவிடும்!

மன்றோ இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நீதித்துறையைச் சீர்திருத்தும் கமிஷனுக்குத் தலைவராக 1814-ல் திரும்பி வந்தவர், பிடிவாதமாக ஒன்றையே சொன்னார். சாட்சி பேசும் பாஷையும் பழக்கமும் தெரியாத ஐரோப்பிய நீதிபதியால் அவன் நிஜம் பேசுகிறானா, பொய் பேசுகிறானா என்று எடைபோட முடியாது. உள்ளூர்க்காரரிடம் விசாரணையைக் கொடுங்கள் என்றார். 1816-ல் வந்த சட்டங்கள் கிராம முன்சீப்புகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் வழக்கு கேட்கும் அதிகாரம் கொடுத்தன. துரைகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்றுத்தர, எல்லிஸ் முன்னின்று நடத்திய கல்லூரி ஒன்று 1812-லேயே சென்னைக் கோட்டையின் பெயரில் தொடங்கியிருந்தது.

மேல் கோர்ட்டுக்கு அப்போதும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. கிடைத்தவர் ஒரு முத்து. ஓங்கோலைச் சேர்ந்த வெண்ணெலகண்டி சுப்பாராவ். சென்னை சதர் அதாலத் கோர்ட்டில் 1815 முதல் 1829 வரை அவர்தான் மொழிபெயர்ப்பாளர். தெலுங்கு தாய்மொழி. தென்னாட்டு மொழிகள் பலவும் அத்துப்படி. தன் சுயசரிதையை இங்கிலீஷிலேயே எழுதி வைத்தார். அவர் மகன் அதை 1873-ல் அச்சிட்டார். இந்தியர் ஒருவர் இங்கிலீஷில் எழுதிய ஆரம்பகால சுயசரிதைகளில் ஒன்று, ஒரு கோர்ட் துபாஷியுடையது! இப்படி ஓர் ஆளை எந்தக் கல்லூரியும் தயாரித்துத் தரவில்லை. ஊர் ஊராக வேலை பார்த்து, தானாகத் தேறி வந்தவர்.

நம் வேதநாயகம் பிள்ளையும் திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து முன்சீப் ஆனவர்தான். தமிழ்நாட்டுக் கோர்ட்டில் தமிழர்களே கூடி இங்கிலீஷில் வாதாடும் கூத்தை 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் (1879) போட்டு வாங்கியிருப்பார். கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழிலேயே இருக்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் வர 1976 ஆயிற்று.

இப்போது சேலத்து விவசாயி கூண்டில் ஏறினால், அவன் பாஷை நீதிபதிக்குப் புரியும். ஆனால், கூண்டில் ஏறும் ஆள் மாறிவிட்டான்! நூற்பாலை, கோழிப்பண்ணை, கட்டட வேலை என்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நம் ஆளும் வெளியே போகிறான். நாமக்கல் லாரி போகாத மாநிலம் உண்டா? திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி தோண்டாத பூமி உண்டா? ராத்திரியில் எங்கோ ஒரு விபத்து. விடிந்தால் இந்தியோ மராத்தியோ பேசும் கோர்ட்டில் நம் டிரைவர் முழித்துக்கொண்டு நிற்பான்.

சட்டம் என்ன சொல்கிறது? குற்றம்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் இருந்தால், திறந்த கோர்ட்டில் அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பவர் உள்ளதை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர். 1973-ம் வருஷச் சட்டத்தில் இருந்த இந்த இரண்டும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் இருக்கின்றன. உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறதே தவிர, அவர் என்ன படித்திருக்க வேண்டும், யார் பரீட்சை வைப்பது என்பது அதில் இல்லை. அமெரிக்கா, தன் மத்திய கோர்ட்டுகளில் மொழிபெயர்ப்பவர்களைத் தேர்வு வைத்து எடுக்க 1978-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது.

நம் ஊரில் ஒடியா தெரிந்தவருக்கு எங்கே போவது? கேஸ் நடக்கும் ஊரில் அந்தப் பாஷை பேசுகிற ஆளைத் தேடுவார்கள். ரயில்வேயில் யாராவது? பேங்கில் யாராவது? அவர்களுக்கு லீவு கிடைக்காது. வாய்தா தள்ளிப்போகும். கூண்டில் நிற்பவனுக்கு ஜாமீன் கொடுக்க உள்ளூரில் ஆளில்லை என்றால், வாய்தா தள்ளிப்போகிற நாளெல்லாம் அவன் ஜெயிலில்தான்.

கடைசியில் கைக்கு எட்டுகிற ஆள் ஒருவர் இருப்பார். பையன்களை ஊரிலிருந்து கூட்டிவந்த மேஸ்திரி. இரண்டு பாஷையும் சரளமாக வரும். கூப்பிட்ட உடனே வருவார். வாக்குமூலத்தை அவரே கேட்டுச் சொல்வார்.

ஒரு சமயம், பையன் சொல்ல வந்ததே அந்த மேஸ்திரியைப் பற்றியதாக இருக்கும்.