சங்கமும் சந்தாவும்

ஒரே சொற்றொடர் இருவேறு காலங்களில் இருவேறு பொருள் தாங்கி நிற்பது வரலாற்றில் அரிதன்று. ‘வேலை செய்யும் உரிமை’ என்பது அத்தகையது. 1848-இல் பிரான்சில் புரட்சி மூண்டபோது லூயி பிளாங்கும் பாரிசுத் தொழிலாளரும் இதனை முழக்கமாக்கினர். வேலையற்றோர்க்கு வேலை தருவது அரசின் கடமை என்பதே அன்று அதன் பொருள். ஏறத்தாழ நூறாண்டு கழித்து அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் அதே பெயர் சட்டங்களுக்குச் சூட்டப்பட்டது. அச்சட்டங்கள் எவருக்கும் வேலை தருவதாக உறுதி கூறவில்லை. தொழிற்சங்கத்தில் சேராதவரை, சந்தா செலுத்தாதவரை வேலையில் வைக்கலாகாது என்று முதலாளியும் சங்கமும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தையே அவை தடுத்தன. 1944-இல் புளோரிடாவும் ஆர்க்கன்சாவும் தத்தம் அரசியலமைப்பிலேயே இத்தடையைப் பொறித்தன.

வழக்கின் வேர் 1935-ஆம் ஆண்டு வாக்னர் சட்டத்தில் உள்ளது. தொழிலாளருள் பெரும்பான்மையோர் தேர்ந்தெடுக்கும் சங்கமே அனைவருக்காகவும் பேசும் என்று அது விதித்தது. எனவே, சங்கம் பெற்றுத் தரும் ஊதிய உயர்வு உறுப்பினரல்லாதார்க்கும் உரியதாயிற்று. ஊர் கூடித் தேரிழுக்கையில் வடம் தொடாது நின்றவருக்கும் பிரசாதத்தில் சமபங்கா என்பது சங்கத்தார் வினா. விருப்பமில்லாதவனைத் தேர்வடத்தில் கட்டியிழுப்பது முறையா என்பது எதிர்த்தரப்பார் விடை.

அவ்விடையை முதலாளிகளின் சூழ்ச்சி என்று மட்டும் ஒதுக்குதல் நேர்மையாகாது. அலபாமாவில் பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் என்னும் கறுப்பினத் தொழிலாளி இரயில் எஞ்சினில் தீயாளாகப் பணிபுரிந்தார். இரயில்வேக்குரிய தனிச் சட்டப்படி அவர் சார்பில் பேசும் உரிமை பெற்றிருந்த சங்கமோ வெள்ளையரை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. அச்சங்கம் 1941-இல் நிருவாகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் ஸ்டீல் நல்ல பணியை இழந்து, கடினமும் குறைந்த ஊதியமும் உடைய பணிக்குத் தள்ளப்பட்டார். அவர் நீதிமன்றம் ஏறினார். அனைவர்க்கும் பேசும் அதிகாரம் பெற்ற சங்கம் அனைவரையும் பாகுபாடின்றிக் காக்கக் கடமைப்பட்டது என்று 1944 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அவரை உறுப்பினராகச் சேர்த்தாக வேண்டும் என்று அது கூறவில்லை! சங்கம் இழைத்த அநீதியைத் தடுக்கப் பிறந்த இக்கடமையே, பின்னாளில் சங்கங்களுக்கு வலிய வாதமாயிற்று: எல்லார்க்கும் உழைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகையில், அதன் செலவை எல்லாரும் பகிர வேண்டாமா?

1947-இல் அதிபர் ட்ரூமனின் மறுப்பையும் மீறி டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் நிறைவேறியது. உறுப்பினரானால்தான் வேலை என்னும் முறையை அது ஒழித்தது. வேலையில் சேர்ந்து 30 நாள் கழித்துச் சங்கத்தில் சேர வேண்டும் என்னும் முறையை விட்டுவைத்து, விரும்பும் மாநிலம் அதனையும் தடுக்கலாம் என்றது. 1961-இல் மார்ட்டின் லூதர் கிங் இத்தகைய மாநிலச் சட்டங்களை வன்மையாகக் கண்டித்தார். ஸ்டீலின் இனத்தவருக்காகப் போராடிய தலைவரே சங்கத்தின் பக்கம் நின்றது எண்ணத்தக்கது. சங்கங்களின் நிறவெறியைக் கண்டித்த அவர், சங்கமின்மையை அதற்கு மருந்தாகக் கருதவில்லை. மாநிலங்களுக்கு அவ்வுரிமை தந்த பிரிவை நீக்கும் முயற்சி 1965-இல் கீழவையில் வென்று மேலவையில் மடிந்தது.

மோட்டார்த் தொழிலாளர் 1936-37-இல் ஃப்ளின்ட் நகர் ஆலைக்குள்ளேயே 44 நாள் அமர்ந்து போராடி வென்ற மிச்சிகன் மாநிலமே, 2012-இல் அத்தடையை ஏற்றது வியப்புக்குரியது. 2023-இல் அம்மாநிலம் அதனை நீக்கியது; நீக்கம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அது தனியார் துறையோடு நின்றது. அரசு ஊழியரிடம் அவர் இசைவின்றிச் சங்கக் கட்டணம் பெறலாகாது என்று உச்சநீதிமன்றம் 2018-இல் 5-க்கு 4 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்திருந்தது. ஆதலின் மிச்சிகன் அரசுப் பள்ளி ஆசிரியர் சந்தா செலுத்துவதும் செலுத்தாததும் அவர் விருப்பம். அத்தீர்ப்பு மாறினால் மட்டுமே அரசு ஊழியர்க்கான புதிய விதி நடைமுறைக்கு வரும் என்று மிச்சிகன் சட்டத்திலேயே எழுதி வைத்துள்ளனர்.