மஞ்சாடியும் சாகாவும்

பழைய மகிழுந்துகளின் மதிப்பைப் பேசும் ஆர்வலர்கள் வேகத்தையே முதலில் கூறுவர். 1996இல் புரோட்டோன் வாங்கிய இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் செம்மைப்படுத்திய 1.8 லிட்டர் சத்ரியா ஜிடிஐ வண்டியை அவர்கள் பெரிதும் போற்றுகின்றனர். அது தகுதியான புகழே.

ஆயினும் வரலாற்றின் தராசு வேறு. ஷா ஆலாம் தொழிற்சாலையில் உருவான 1.3 லிட்டர் புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9ஆம் நாள் வெளியீடு கண்டது. ஜப்பானின் மிட்சுபிசி லான்சர் பியோரேயைத் தழுவியதாயினும், நம் நாட்டின் முதல் தேசிய மகிழுந்து அதுவே. எங்கும் ஓடிய வண்டி என்பதனாலேயே பலரும் அதனைப் பேணவில்லை. பழுதானவை பழைய இரும்பாயின. மலிந்து கிடந்ததே இன்று அரிதாயிற்று.

சாகா என்பது ஒரு விதையின் மலாய்ப் பெயர். தமிழில் அதுவே மஞ்சாடி. ஆனைக்குன்றிமணி என்றும் வழங்குவர். சாலையோரம் உதிர்ந்து கிடக்கும் அந்தச் செவ்விதையைக் கொண்டே நம் பொற்கொல்லர்கள் பொன்னை நிறுத்தனர். எளிய பொருளும் மதிப்பின் அளவுகோலாகலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முதல் சாகாவைத் தேசிய அருங்காட்சியகம் ஏற்றுப் போற்றியது. பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பழைய சாகா நின்றால், உறுப்புகளை மாற்றாது பதிவு ஆவணத்தோடு காத்து வையுங்கள். ஆசிரியர்களே, மாணவர்க்கு அதன் கதையைச் சொல்லுங்கள். விலையைச் சந்தை கூறும்; மதிப்பை நாம்தாம் கற்பிக்க வேண்டும்.