கடிவாளம் இல்லாத வண்டி

மாட்டு வண்டிக்கு மூக்கணாங்கயிறு உண்டு. குதிரை வண்டிக்குக் கடிவாளம் உண்டு. ஓட்டுபவரின் கருத்து கயிற்றின் வழியே விலங்கைச் சென்றடைகிறது. ஆனால் வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் நாய்கள் இழுத்துச் செல்லும் சறுக்கு வண்டிக்கு அத்தகைய கயிறு ஏதும் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாய்கள், சில வேளைகளில் இருபது நாய்கள், நீண்டதோர் இழுகயிற்றின் இருபுறமும் இணை இணையாகப் பூட்டப்பட்டிருக்கும். ஓட்டுபவர் வண்டியின் பின்புறம் நிற்பார். வலப்புறம் திரும்ப 'ஜீ', இடப்புறம் திரும்ப 'ஹா', நிற்பதற்கு 'வோ' என்னும் சொற்களே அவர் கையில் உள்ள கருவிகள். சொல்லுக்கு மட்டுமே கட்டுப்படும் இக்கூட்டத்தை எவ்வாறு பழக்கினர்? அலாஸ்காவின் நோம் நகரில் இருந்த ஒரு நாய்க்கொட்டிலின் வரலாறு இதற்கு விடை கூறும்.

அக்கொட்டிலை நடத்தியவர் லியோன்ஹார்டு செப்பாலா. 1877-ல் நார்வே நாட்டிற் பிறந்து, 1900-ல் பொன் தேடி அலாஸ்காவுக்கு வந்தவர். அக்காலத்தில் நோம் நகரில் 408 மைல் நீளமுள்ள நாய்வண்டிப் பந்தயம் ஒன்று ஆண்டுதோறும் நடைபெற்றது. சைபீரியாவின் கீழைக்கோடியில் வாழும் சுக்ச்சி மக்கள் வளர்த்த சிறிய நாய்களை அங்கே கொண்டுவந்தபோது ஊரார் எலிகள் என்று எள்ளி நகையாடினர். 1910-ல் ஜான் ஜான்சன் என்பவர் அந்நாய்களைக் கொண்டே பந்தயத்தை வென்றதும் ஏளனம் ஓய்ந்தது. 1913-ல், துருவப் பயணி அமுண்ட்செனுக்கு அளிக்கவெனத் தருவித்த சைபீரிய நாய்கள் பழக்குவதற்காகச் செப்பாலாவிடம் ஒப்படைக்கப்பட்டன. அமுண்ட்சென் தம் பயணத்தைக் கைவிடவே அவை செப்பாலாவுக்கே உரியனவாயின.

மறு ஆண்டு அவர் பந்தயத்தில் இறங்கினார். பனிப்புயலில் வழி தவறியது. நாய்களின் பாதங்கள் கிழிந்தன. அவர் பாதியிலேயே விலகினார். வழியை நன்கு அறியாத தம் குறையினால் வாயில்லாப் பிராணிகள் வருந்தினவே என்பது அவருக்குப் பெருந்துயரமாயிற்று. ஆயினும் 1915, 1916, 1917 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வெற்றி அவருடையதே. அவர் நாய்களை ஓட்டுவதாகவே தோன்றவில்லை, அவ்வப்போது நாவினால் மெல்லிய ஒலி எழுப்புவதோடு சரி என்று உடன் போட்டியிட்டவரே வியந்தனர்.

அந்த மெல்லிய ஒலியின் பின்னே நாள்தோறும் நடந்த பயிற்சி இருந்தது. சறுக்கு வண்டி நாய்க்கு ஓடக் கற்பிக்க வேண்டுவதில்லை. சேணத்தைக் கண்ட மாத்திரத்திலேயே கொட்டில் முழுவதும் ஊளையிட்டுத் துள்ளும். கற்பிக்க வேண்டுவன வேறு: பூட்டும் வரை பொறுத்து நிற்றல், இழுகயிற்றைத் தளர விடாது பிடித்திருத்தல், பின்னோக்கித் திரும்பிக் கயிற்றைச் சிக்கலாக்காதிருத்தல், எதிர்ப்படும் கலைமானைத் துரத்தாதிருத்தல். ஆறு மாதக் குட்டிக்குச் சேணம் அணிவித்துச் சிறு கட்டையை இழுக்க விடுவர். பின்னர் முதிர்ந்த நாயின் பக்கத்தில் பூட்டுவர். மனிதன் நூறு முறை சொல்லியும் விளங்காததைப் பக்கத்து நாயின் நடை ஒரே நாளில் விளக்கிவிடும். வலிமை மிக்கவை வண்டியை ஒட்டியும், அறிவுக்கூர்மை உடையவை முன்னணியிலும் இடம் பெறும். பனியற்ற கோடையில், கைவிடப்பட்ட இருப்புப்பாதையின்மீது சக்கரவண்டியை இழுக்கச் செய்து செப்பாலா பயிற்சியைத் தொடர்ந்தார். பயணத்தில் முதல் உணவு நாய்களுக்கு. தமக்கு அதன் பிறகே. இரவில் அவற்றின் விரலிடையே உறைந்த பனிக்கட்டியைத் தம் கையால் அகற்றிய பின்னரே ஓட்டுபவர் உறங்கச் செல்வார். நாய் சொல்லை நம்புவது இந்தக் கையை நம்புவதனால்தான்.

இக்கொட்டிலில் அடங்காப்பிடாரி என்று பெயரெடுத்த குட்டி ஒன்று இருந்தது. ஜப்பானியக் கடற்படைத் தலைவரின் பெயரால் டோகோ என்று அதனை அழைத்தனர். சிறிய உடல், நோய் வேறு. வண்டிக்கு உதவாது என்று கருதி அதனை வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டனர். அது மூடிய சன்னற் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தது. எட்டாம் மாதத்தில், கட்டி வைத்த இடத்தினின்றும் தப்பிப் பயணம் சென்ற வண்டியைத் தொடர்ந்தது. வேறு வழியின்றிச் செப்பாலா அதற்குச் சேணம் பூட்டினார். அக்கணமே அது அடங்கியது! அன்று சுமார் 75 மைல் ஓடி, மாலைக்குள் முன்னோடியின் பக்கத்து இடத்தையும் பெற்றது. குறும்பு என்று எல்லாரும் எண்ணியது, வேலை கிடைக்காத ஆற்றலே அன்றி வேறன்று.

1925 சனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைப் பற்றியது. கடல் உறைந்து கிடந்தது. கப்பல் வர இயலாது. எதிர்நச்சு மருந்து புகைவண்டி மூலம் நெனானா வரை வந்தது. எஞ்சிய 674 மைல் தூரத்தை 20 ஓட்டுநர்களும் சுமார் 150 நாய்களும் கைமாற்றி, ஐந்தரை நாட்களில் கடந்தனர். செப்பாலா மருந்தை எதிர்கொள்ள 170 மைல் சென்று, அதனைப் பெற்று 91 மைல் சுமந்து திரும்பினார். இடையே, புயற்காற்றில் எந்நேரமும் பிளந்துவிடக்கூடிய நார்ட்டன் விரிகுடாவின் உறைபனி. இருளில் கண்ணால் வழி காண இயலாத நிலையில் முன்னே சென்றது ஏறத்தாழ 12 வயதான டோகோ.

பிப்ரவரி 2-ஆம் நாள் விடியற்காலையில் மருந்தை நகருக்குள் கொண்டுவந்தவர் குன்னார் காசன். அவரது முன்னோடி நாய் பால்ட்டோ. புகழெல்லாம் பால்ட்டோவைச் சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே நியூயார்க்கில் அதற்குச் சிலை எழுப்பினர். நெடுந்தொலைவு ஓடிய டோகோவுக்கு அந்நகரில் சிலை அமைந்தது 2001-ல்தான். இந்த வேறுபாடு செப்பாலாவின் மனத்தை வாட்டியது.

ஆனால் நேயர்கள் ஒன்றைக் கருத வேண்டும். பால்ட்டோவும் செப்பாலாவின் கொட்டிலில் வளர்ந்ததே. சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டபோது ஊரில் விட்டுச் சென்ற நாய்களுள் அதுவும் ஒன்று. இரண்டாம் வரிசை நாய்களும், தம்மை வளர்த்தவர் உடன் இல்லாதபோதும், புயலில் வழி பிறழாமல் ஓடின. எசமானன் கண்முன் நிற்கும்போது மட்டும் இருப்பது அச்சம். அவன் இல்லாத இடத்திலும் நிலைப்பதே ஒழுங்கு. சிலைகள் இரண்டு நாய்களுக்கே அமைந்தன. அந்த ஒழுங்கோ கொட்டில் முழுமைக்கும் உரியது.