துண்டும் பாட்டும்

கண்டிச் சீமையின் தோட்ட வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு ஏடுகளுக்குக் குறைவில்லை. துரைமாரின் கணக்குகளும், ஆளுநர்களின் கடிதங்களும் பத்திரமாகவே இருக்கின்றன. ஆனால், 1820களில் கோப்பிக்காகவும், 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைக்காகவும் மலையைத் திருத்திய தமிழ்த் தொழிலாளி லயத்து முற்றத்தில் பேசிய பேச்சு எங்கே? அது அன்றிரவே காற்றோடு போயிற்று.

இதனைக் காலத்தின் இயல்பான மறதி என்று நாம் கொள்ளலாகாது. எது நிலைக்க வேண்டும், எது அழிய வேண்டும் என்பதை உடைமையே தீர்மானித்தது. தொழிலாளியைப் பற்றிய ஒரு காகிதம் மட்டும் அழியவேயில்லை. அதுதான் 'துண்டு'. அவன் தலைமேல் உள்ள கடனைக் குறித்த அச்சீட்டு, தோட்டம் விட்டுத் தோட்டம் அவனைத் தொடர்ந்தது. புதிய தோட்டம் கடனை அடைத்தாலன்றி அவனுக்கு விடுதலையில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது.

கடனை மறவாத ஏடு, உரிமை கேட்டபோது ஊமையாயிற்று. 1948இன் சட்டம் மலையக மக்களின் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949இன் சட்டமோ, 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன் மணமானவர் ஏழாண்டும், ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. பெயர் பதியும் பேரேடு துரையின் அறையில். வாழ்ந்ததற்குச் சான்று தேடும் சுமை தொழிலாளியின் தலையில்! இதுவன்றோ காகிதத்தின் அரசியல்?

அப்படியாயின், அனைத்தையும் என்றென்றைக்கும் காப்பதுதான் நீதியா? அன்று. துண்டின் அதிகாரம் சாகத்தான் வேண்டும். ஆனால் அதன் சாட்சியம் சாகலாகாது. துண்டைத் தீயிலிட்டால் முதலில் மகிழ்பவன் அதை எழுதியவனே. மனிதனைப் பிணிக்கும் ஏட்டுக்கு முடிவு நாள் வேண்டும். அவன் குரலைத் தாங்கும் ஏட்டுக்கு அது வேண்டியதில்லை.

மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் தொகுத்தபோது செய்தது இப்பணியையே. கம்பளைப் பகுதியின் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயமொன்று இன்று தொழிலாளர் நூதனசாலையாக நிற்பதும் இதன் தொடர்ச்சியே.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! அரசு வந்து காக்கட்டும் என்று நாம் காத்திருத்தல் வேண்டா. லயத்தில் இருக்கும் முதியோரிடம் அமர்வோம்; அவர் இசைந்து சொல்வதை, அவர் சொல்லிலேயே எழுதுவோம். எழுதியதன் ஒரு படியை அவர் வீட்டிலேயே வைப்போம். தன் ஏடு தன் கையில் இருக்கும் மக்களிடம், நீ யார் என்று எவரும் எளிதிற் கேட்டுவிட முடியாது.