கம்பம் நட்ட பாத்தியதை

நம் நாட்டுக் கிரயப் பத்திரங்களைப் படித்துப் பழகியவர்கள், நான்கெல்லையும் விஸ்தீரணமும் சொல்லி முடித்தபின், மாமூல் வழிநடை பாத்தியம் என்றும் நீர்ப்போக்குப் பாத்தியம் என்றும் வரும் சிறு வாசகங்களை நன்கு அறிவார்கள். நிலம் ஒருவருக்கே சொந்தமாயிருக்க, அதன்மேல் நடந்து போகவோ தண்ணீர் கொண்டு போகவோ மற்றொருவருக்குள்ள உரிமையை அவ்வாசகங்கள் காத்து நிற்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிராமப் பகுதிகளில், சென்ற நூற்றாண்டின் முற்பாதியில், இத்தகைய பாத்தியதை ஒன்று மின்சாரக் கம்பியின் பொருட்டு எண்ணிறந்த விளைநிலங்களின்மேல் எழுதப்பட்டது. மின்சாரத்துக்கென்று கொடுத்த அந்த உரிமை இணையக் கம்பிக்கும் செல்லுமா என்ற கேள்வி, எழுதிக் கொடுத்தவர்களின் பேரன்மார் காலத்தில் எழுந்து, நியாயஸ்தலங்களின் படியேறி, பல ராஜ்யங்களின் சட்டசபைகளைப் புதிய சட்டங்கள் இயற்றுமாறு செய்தது.

1930-களின் நடுவில் அந்நாட்டுப் பட்டணங்களில் பத்து வீடுகளுக்கு ஒன்பதில் மின்விளக்கு எரிந்தது. பண்ணைகளிலோ பத்தில் ஒரு வீட்டில்தான் எரிந்தது. மைலுக்கு மூன்று வீடு, நான்கு வீடு என்று சிதறிக் கிடந்த நாட்டுப்புறத்துக்குக் கம்பி இழுத்தால் போட்ட முதல் திரும்பாது என்று மின்சாரக் கம்பெனிகள் ஒதுங்கி நின்றன. பொழுது சாய்ந்தால் மண்ணெண்ணெய் விளக்கு, விடிந்தால் கிணற்றிலிருந்து வீடு வரை வாளிச் சுமை, கோடையின் உச்சியிலும் எரியும் அடுப்பின்மேல் இரும்புப் பெட்டிகளை மாற்றி மாற்றிச் சூடேற்றித் துணி தேய்க்கும் வேலை என்று பண்ணைப் பெண்களின் உடலைத் தேய்த்த வாழ்க்கை அது. இதனை மாற்றுவதற்காக ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935 மே 11-ஆம் தேதி கிராம மின்சார நிர்வாகம் என்ற ஸ்தாபனத்தை ஓர் உத்தரவினால் தோற்றுவித்தார்; செனட்டர் ஜார்ஜ் நாரிஸும் பிரதிநிதி சாம் ரேபர்னும் முன்னின்று நிறைவேற்றிய சட்டம் அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதற்கு நிலையான அஸ்திவாரம் இட்டது. அரசாங்கம் நீண்ட காலத் தவணையில் சொற்ப வட்டிக்குக் கடன் கொடுத்தது. அதை வாங்கிக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனிகள் அல்லர், கூட்டுறவுச் சங்கங்களாகக் கூடிய விவசாயிகளே.

சங்கம் அமைக்க முன்வந்தவர்கள் பண்ணை பண்ணையாகச் சென்று, பெரும்பாலும் ஐந்து டாலர் சந்தா வாங்கி அங்கத்தினர்களைச் சேர்த்தார்கள். பணம் மிக அரிதாயிருந்த அக்காலத்தில் அந்த ஐந்து டாலரைத் திரட்டுவதே பல குடும்பங்களுக்குப் பிரயாசையாக இருந்தது. சந்தாவோடு அவர்கள் மற்றொன்றையும் கேட்டார்கள். அதுதான் நிலத்தின் குறுக்கே கம்பி செல்வதற்கான பாத்தியதை. அதற்கு ஒரு டாலர் பெயரளவுக்கு எழுதப்பட்டதும் உண்டு. ஒன்றும் வாங்காமலே கையெழுத்திட்டவர்களும் மிகப் பலர். அந்தத் தாளில் கண்டதெல்லாம், மின்சாரக் கம்பித் தொடரை அமைக்கலாம், நடத்தலாம், பராமரிக்கலாம், கம்பியில் உராயும் மரங்களை வெட்டலாம் என்பவையே. எத்தனை அடி அகலம் என்றுகூடப் பல பத்திரங்களில் எழுதவில்லை. கேட்க வந்தவன் அடுத்த பண்ணைக்காரன். கேட்ட சங்கம் தன்னுடைய சங்கம். கம்பி வந்து சேரும் இடமோ தன் வீட்டுக் கூடம். இந்த மூன்றும் கூடிய நம்பிக்கையே அவ்வளவு பெரிய தானத்தைச் சாத்தியமாக்கிற்று. கடனாக வந்த பணத்தின் கணக்கைச் சரித்திர ஆசிரியர்கள் மறவாமல் எழுதியிருக்கிறார்கள். இனாமாக வந்த நிலத்தின் கணக்கும் அதற்கு இணையாக எழுதப்பட வேண்டியது என்பது என் எண்ணம்.

நிலத்தில் பிறர் வைக்கும் பொருள் எவ்வளவு சிறிதாயினும் உடையவனுடைய உரிமை அதனால் தீண்டப்படுகிறது என்பதை, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982-இல் நியூயார்க் நகரத்து வழக்கொன்றில் அழுத்தமாகக் கூறியது. அடுக்குமாடி வீட்டின் கூரையில் கேபிள் தொலைக்காட்சிக் கம்பெனி ஓட்டியிருந்த கம்பி அரை அங்குலத்துக்கும் குறைந்த கனம், சுமார் முப்பதடி நீளம். அதனோடு இரண்டு பெட்டிகள். வீட்டுக்காரர் தடுக்கலாகாது என்று ராஜ்யச் சட்டம் விதித்திருந்தது; நஷ்டஈடாக ஒரே ஒரு டாலர் போதுமென்று அதற்கான ஆணைக்குழு தீர்மானித்திருந்தது. நிரந்தரமாக இடம்பிடித்துக்கொள்ளும் பொருள் அணுவளவாயினும் அது சொத்தை எடுத்துக்கொள்வதே ஆகும், அதற்குத் தக்க ஈடு கொடுத்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பியின் கனத்தைக் கொண்டு உரிமையின் கனத்தை நிறுக்கலாகாது என்ற இந்த நியாயம், பின்னால் கிராமத்துக் கம்பங்களுக்கும் வந்து சேர்ந்தது.

மின்சாரச் சங்கங்கள் தங்கள் துணைநிலையங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டிக் கண்ணாடி இழைக் கம்பிகளைத் தங்கள் கம்பங்களிலேயே ஓட்டத் தொடங்கின. ஒரு கம்பிக்குள் தலைமயிர் போன்ற இழைகள் பல உண்டு. சங்கத்தின் வேலைக்குச் சிலவே போதும். மிஞ்சியவை ஒளி பாயாமல் வெறுமனே கிடந்தன. மிஸ்ஸௌரி ராஜ்யத்தில் ஷோ-மீ என்ற மின்சாரக் கூட்டுறவுச் சங்கம், இப்படி மிஞ்சிய இழைகளைக் கொண்டு துணை ஸ்தாபனம் ஒன்றின் மூலம் வெளியாருக்குத் தொலைத்தொடர்பு வியாபாரம் நடத்தியது. நிலச் சொந்தக்காரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். சங்கம் தன் மின்சாரக் காரியத்துக்காக இழையை உபயோகிப்பது பாத்தியதைக்கு உட்பட்டதே. அதையே பொது வியாபாரத்துக்குத் திருப்புவது எல்லை மீறிய பிரவேசம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2015-இல் ஜூரிகள் சுமார் 7 கோடியே 90 லட்சம் டாலர் கொடுக்க வேண்டுமென்று தீர்மானித்தார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தபோதிலும், அத்துமீறல் அத்துமீறலே என்ற முடிவை அப்படியே நிலைநிறுத்திற்று.

இந்தத் தீர்ப்பு மற்ற ராஜ்யங்களின் சங்கங்களைக் கலங்கச் செய்ததில் வியப்பில்லை. கையெழுத்திட்டவர்கள் காலமாகி, நிலம் பாகம் பிரிந்தும் கைமாறியும் போன பின்னர், ஆயிரக்கணக்கான சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்து மறுபடி ஒப்பம் வாங்குவதென்றால் கம்பி இழுக்கும் செலவோடு காலமும் கைமீறிப் போகும். கிராமத்து நிலையோ 1935-ஐ நினைவூட்டுவதாக இருந்தது: மைலுக்குச் சில வீடுகளே என்ற அதே காரணத்தைச் சொல்லி, இணையக் கம்பெனிகள் அதே நாட்டுப்புறத்தை ஒதுக்கி வைத்திருந்தன. ஆகவே சட்டசபைகள் குறுக்கிட்டன. இந்தியானா 2017-இலும், மிஸ்ஸௌரி 2018-இலும், அலபாமாவும் டெக்ஸஸும் 2019-இலும், வர்ஜீனியா 2020-இலும், மின்சாரத்துக்கென்று எழுதிய பாத்தியதையை அகலக்கற்றை இணையத்துக்கும் உபயோகிக்க வழி செய்யும் சட்டங்களை இயற்றின. நிலத்தின் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவே ஈடு என்றும், இணையத்தால் கிடைக்கும் வருமானத்தை ஈட்டுக் கணக்கில் சேர்க்கலாகாது என்றும் சில சட்டங்கள் வரம்பு கட்டின.

இச்சட்டங்களின் நோக்கத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். பள்ளிப் பாடமும் வைத்திய ஆலோசனையும் விளைபொருள் விலையும் இணையத்தின் வழியே வரும் காலத்தில், அது எட்டாத வீடு அக்காலத்து மண்ணெண்ணெய் விளக்கு வீட்டைப் போன்றதே. ஆனால் பழைய கையெழுத்து எந்த நம்பிக்கையில் இடப்பட்டதோ, அந்த நம்பிக்கையையே உரைகல்லாகக் கொண்டு புதிய உபயோகத்தை உரைத்துப் பார்ப்பது தர்மம். இழை, நிலம் கொடுத்தவன் வீட்டுக்கே அவனுடைய சங்கத்தின் மூலம் வருமானால், பாட்டன் கொடுத்த வரத்தைப் பேரன் அனுபவிப்பதாகும். அதற்குச் சட்டம் துணை நிற்பது நியாயம். அதே இழை அவன் வீட்டைத் தாண்டிச் சென்று தூரத்து வியாபாரத்துக்கு மட்டும் பயன்படுமானால், அவனைக் கேளாமலும் ஈடு கொடுக்காமலும் இருப்பதைப் பழைய பத்திரம் தாங்காது.

இவ்வகையில் டெக்ஸஸ் சட்டம் என் மனத்தைக் கவர்கிறது. அந்த ராஜ்யத்தின் குன்றுப் பிரதேசத்துக்குத்தான், அப்போது இளம் பிரதிநிதியாயிருந்த லிண்டன் ஜான்சன், மைலுக்கு இத்தனை வீடு வேண்டுமென்ற விதி குறுக்கே நின்றும் விடாமல் ரூஸ்வெல்ட்டையே நேரில் கண்டு, 1938-இல் கடன் வாங்கிக் கொடுத்தார். பெடர்னாலஸ் என்னும் கூட்டுறவுச் சங்கம் அங்கே ஒளி ஏற்றிற்று. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மின்சாரச் சங்கம் இணையக் கம்பி வேலை தொடங்குவதற்கு 60 நாள் முன்னதாக நிலச் சொந்தக்காரருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்; அவர் 60 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபித்தால், அந்த ஆட்சேபணை நீங்கும் வரை அவர் நிலத்துப் பாத்தியதையை இணையத்துக்கு உபயோகிக்க இயலாது. ஆட்சேபிக்காதவன் நிலத்தில் வேலை தடையின்றி நடக்கும். ஐந்து டாலர் சந்தாவுக்காகவும் ஒரு கையெழுத்துக்காகவும் பண்ணை பண்ணையாக நடந்து சென்றவர்கள் கதவைத் தட்டிக் கேட்டார்கள். இன்று அந்த வேலையைத் தபால்காரர் கொண்டுவரும் ஒரு கடிதம் செய்கிறது. கேட்கும் விதம் மாறலாம். கேட்பது என்பது மட்டும் மாறாதிருந்தால், அந்தக் கம்பங்கள் நிற்கும் நிலம் இன்னொரு தலைமுறைக்கும் மனம் உவந்து இடம் கொடுக்கும்.