மரப்பிசினும் மணற்பிசினும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்திற்கும் கூலாய்க்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் லாயாங் லாயாங். மலாய் மொழியில் இச்சொல் காற்றில் ஏறும் பட்டத்தையும் குறிக்கும். தகைவிலான் குருவியையும் குறிக்கும். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு நோக்கிச் செல்லும் அப்பாதை 1909இல் முடிவுற்றது. அதனை அடுத்து, இருமருங்கும் இருந்த காடு அழிந்து இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பின்னர் இரப்பர் நின்ற நிலத்திற் பெரும்பகுதியை எண்ணெய்ப்பனை பிடித்துக்கொண்டது. இவ்வூரை அடுத்த ஊலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர் எண்ணெய்ப்பனை இனவிருத்தி பற்றிய நூல்களில் அடிக்கடி இடம்பெறுவது. வைகறையில் நிரை பிடித்து மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்துச் சுமந்த தமிழர்களின் உழைப்பு, இப்பகுதியின் வரலாற்றில் அழியாத இடம் பெற்றது.

ஆயினும் இரப்பர் மரம் இம்மண்ணுக்கு வந்தேறி. பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்த பின்னரே மலாயாவில் அதன் கதை தொடங்குகிறது. அதற்கு முன்பே ஜொகூர்க் காட்டுக்கு உரிய பால்மரம் ஒன்று இருந்தது. மலாய்க்காரர் அதனைத் தாபான் என்பர். அதன் பால் உறைந்து கிடைக்கும் பிசினே ‘கெத்தா பெர்ச்சா’ என்று உலகெங்கும் பெயர் பெற்றது. மலாயில் ‘கெத்தா’ என்பது மரப்பாலுக்கும் பிசினுக்கும் பொதுவான சொல். இரப்பரையும் அச்சொல்லாலேயே வழங்குவர். தமிழோ பாலை வேறாகவும், பிசினை வேறாகவும், குங்கிலியத்தை வேறாகவும், அரக்கை வேறாகவும் பிரித்துப் பெயரிட்ட மொழி. தாபான் தமிழருக்கு முற்றிலும் அயலான மரமும் அன்று. இலுப்பையும் மகிழும் உலக்கைப்பாலையும் அடங்கிய குடும்பத்தைச் சார்ந்தது அது. சப்போட்டாவும் அக்குடும்பமே, அதன் காயைக் கீறும்போது ஒழுகி விரலில் ஒட்டும் பாலைக் கண்டவர், தாபானின் பாலை ஒருவாறு உய்த்துணரலாம்.

இப்பிசினின் இயல்பு விந்தையானது. வெந்நீரில் இட்டால் குழைந்து, பிசைந்த மாவுபோல் எவ்வடிவத்திற்கும் இணங்கும். ஆறியதும் அவ்வடிவத்திலேயே இறுகிவிடும். இரப்பர்போல் இழுபடாது. இத்தனைக்கும் இரண்டிலும் உள்ள அணுக்கள் ஒன்றே. அவை கோக்கப்பட்ட முறை மட்டுமே மாறியது. காட்டில் வாழ்ந்தோர் இதனைக் கொண்டு பாராங் கத்திக்குப் பிடி செய்தனர். சிங்கப்பூரில் மருத்துவராகப் பணிபுரிந்த வில்லியம் மாண்ட்கோமரி அதனைக் கண்டு வியந்து, அறுவைக் கருவிகளுக்கு ஏற்ற பொருள் எனக் கருதினார். அதே ஊரில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவரும் வணிகருமான ஜோசே டி அல்மேடா 1843இல் இதன் மாதிரியை இலண்டனில் அறிமுகம் செய்தார். கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்பது பற்றி அக்காலத்தார் வாதிட்டனர். கத்திப்பிடி செய்த காட்டுவாழ்நரின் பெயர் அவ்வாதத்தில் எழவே இல்லை.

மருத்துவர் நினைத்தது ஒன்று, நடந்தது மற்றொன்று. மின்னாற்றலால் செய்தி அனுப்பும் கலை அப்பொழுதுதான் தழைத்துக்கொண்டிருந்தது. நிலத்தில் கம்பத்தின்மீது கம்பி கட்டிவிடலாம். கடலுக்குள் எங்ஙனம் கொண்டு செல்வது? உப்புநீர் மின்னோட்டத்தை விழுங்கிவிடும். கம்பியைச் சுற்றி நீர் புகாத, மின் புகாத போர்வை ஒன்று வேண்டும். ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் 1847இல் கெத்தா பெர்ச்சாவைக் கம்பியின்மீது பூசும் பொறியை அமைத்தார். மறு ஆண்டில் இங்கிலாந்தில் பாரடே அதன் மின்காப்புத் திறனை எடுத்துரைத்தார். காற்றும் வெயிலும் பட்டால் நொறுங்கிப்போகும் இப்பிசின், கடலின் குளிரிலும் இருளிலும் பல்லாண்டு கெடாது கிடக்கும். கடலடிக் கம்பிக்கென்றே பிறந்த பொருள் எனலாம். 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கம்பி நிலைபெற்றது. அட்லாண்டிக் மாக்கடலில் 1858இல் இட்ட கம்பி ஏறத்தாழ மூன்று வாரமே உயிரோடிருந்தது. 1866இல் இட்டது நிலைத்தது. 1871இல் சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் கடலடியால் இணைக்கப்பட்டன. ‘தந்தி’ என்று தமிழர் பெயரிட்டது கம்பியை நோக்கியே. அக்கம்பிக்குப் போர்வையானதோ மலாய் நாட்டு மரத்தின் பால். தோட்ட முதலாளியின் செய்தி அவ்வழியே சில மணியிற் சென்றது. தோட்டத் தொழிலாளியின் மடல் கப்பலேறியே சென்றது.

இவ்வணிகத்தால் ஜொகூரின் அரசியலும் மாறிற்று. அக்காலத்தில் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிம் சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் வாழ்ந்தவர். கெத்தா பெர்ச்சாவின் விலை ஏறியதும் அவர் அதன் வணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். அச்செல்வமே அவர் குடியின் ஏற்றத்திற்கு ஒரு படி. அவர் மகன் அபு பக்கார் 1868இல் மகாராஜா எனவும், 1885இல் சுல்தான் எனவும் பட்டம் பெற்றார். மிளகும் கம்பீரும் பயிரிட்ட சீனர்களால் வந்த வருவாய் பெரிது என்பது உண்மையே. ஆனால் முதல் மூலதனத்தைப் பேசும்போது தாபான் மரத்தை விட்டுவிட்டுப் பேசுதல் முறையன்று.

மரத்துக்கு நேர்ந்த கதி கொடியது. தாபானின் பால் இரப்பர்போல் கீறிய இடத்திலிருந்து வழிந்தோடாது. பட்டையினுள் தனித்தனிக் குழாய்களில் தங்கிக் கிடக்கும். ஆகவே காட்டில் திரட்டியவர்கள் மரத்தையே வெட்டிச் சாய்த்து, அடிமரம் நெடுக வளையம் வளையமாகப் பட்டையை வெட்டி, கசியும் பாலைச் சிரட்டையிலும் இலையிலும் ஏந்தினர். பல்லாண்டு வளர்ந்த மரம் ஒன்று பெரும்பாலும் ஒரு கிலோ பிசினும் தருவதில்லை. ஒரு மாக்கடலைக் கடக்கும் கம்பிக்கோ நூற்றுக்கணக்கான டன் தேவைப்பட்டது. இந்தக் கணக்கின் முடிவை எவரும் உணரலாம். சிங்கப்பூர்த் தீவில் சில ஆண்டுகளிலேயே மரம் அற்றுப்போயிற்று. பிறகு ஜொகூர், பிறகு தீபகற்பத்தின் வடபகுதி, சுமத்ரா, போர்னியோ என்று கோடாலி நகர்ந்தது. மரத்தை வெட்டாமல் இலையைக் கொய்து அதிலிருந்து பிசின் எடுக்கும் முறையை டச்சுக்காரர் பின்னாளில் ஜாவாவின் சிப்பெத்திர் தோட்டத்தில் கையாண்டனர். அந்த அறிவு வருவதற்குள் காடு பெரும்பாலும் வெறுமையாகிவிட்டது. இரப்பர் பிழைத்தது ஏன் என்பதும் இங்கே விளங்கும். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையை மெலிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி வகுத்தார். மரம் வாழ்ந்தது, ஆனால் விடியுமுன் எழுந்து அதைச் சீவ ஆயிரமாயிரம் கைகள் வேண்டியிருந்தன. அக்கைகளைத் தேடியே கங்காணிகள் தமிழகத்து ஊர்களுக்குச் சென்றனர்.

கெத்தா பெர்ச்சாவுக்கு ஒரு குறை உண்டு: வெப்பம் ஆகாது. கடலடிக்கு அது குறையன்று, மின்னோடிக்கோ பெருங்குறை. மின்னோடியின் சுருள்களைப் பருத்தி, தாள், அரக்கு, ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ் ஆகியவற்றால் காத்து வந்தனர். பருத்தியும் தாளும் 105 பாகைச் செல்சியசுக்கு மேல் நெடுநாள் தாங்கா. அபிரகமும் கண்ணாடி இழையும் அதைவிட மிகுந்த வெப்பத்தையும் தாங்கும். அவற்றை ஒட்டவைக்கும் பிசின்தான் கருகிவிடும். கண்ணாடிபோல் வெப்பம் பொறுக்கும் பிசின் ஒன்று வேண்டும் என்னும் தேவை 1930களில் கூர்மையாயிற்று.

விடை முன்பே ஒருவர் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாட்டிங்காமில் பிரடெரிக் கிப்பிங் என்னும் வேதியியற் பேராசிரியர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் சிலிக்கான் தனிமத்தைக் கரிமத் தொகுதிகளுடன் சேர்த்து ஆராய்ந்தார். கீட்டோன் என்னும் பொருள் வகையை ஒத்திருக்கும் என எண்ணிச் ‘சிலிக்கோன்’ எனப் பெயரிட்டவர் அவரே. உண்மையில் அமைப்பு அத்தகையது அன்று. பெயர் பிழை, ஆனால் நிலைத்துவிட்டது. தமிழில் சிலிக்கான் என்னும் தனிமத்தையும் சிலிக்கோன் என்னும் சேர்மத்தையும் ஒன்றாகவே எழுதும் வழக்கம் இப்பிழைமீது மற்றொரு பிழை. படிகமாகாத பசைக் குழம்புகள் அவருக்கு இடையூறாகவே தோன்றின. இத்துறையில் பெரும் முன்னேற்றம் எதிர்பார்த்தற்கு இல்லை என்னும் கருத்தை 1936ஆம் ஆண்டுச் சொற்பொழிவிலும் வெளியிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் பிராங்கிளின் ஹைடு, அந்தப் பசையையே கண்ணாடி இழை நாடாவுக்குப் பிணைப்பாகக் கொண்டார். 1940இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் யூஜீன் ராக்கோ, சிலிக்கான் தூளின்மீது செம்பை ஊக்கியாக வைத்து மெத்தில் குளோரைடு வளியைச் செலுத்தி மூலப்பொருளை எளிதிற் பெறும் வழியைக் கண்டார். 1943இல் டௌ கார்னிங் நிறுவனம் தோன்றியது.

இவற்றின் வகைகளை அறிய ஓர் எளிய வழி உண்டு. சிலிக்கான் அணுவுக்கு நான்கு கைகள். நான்கும் ஆக்சிசனைப் பற்றினால் அது மணல், கண்ணாடி. இரண்டு ஆக்சிசனையும் இரண்டு கரிமத் தொகுதிகளையும் பற்றினால் நீண்ட சங்கிலி தோன்றும்; அது சிலிக்கோன் எண்ணெய் அல்லது சிலிக்கோன் இரப்பர். பெரும்பாலான அணுக்கள் மூன்று கைகளால் ஆக்சிசனைப் பற்றும்போது வலைபோன்ற பின்னல் அமைகிறது. அதுவே சிலிக்கோன் பிசின். கண்ணாடிக்கும் எண்ணெய்க்கும் நடுவே நிற்பது அது. நான்காம் கையில் மெத்தில் தொகுதி இருப்பின் பிசின் கடினமாகும், நீரை உதறும். சுண்ணாம்பு, செங்கல், கல் சுவர்களில் மழைநீர் ஊறாமல் தடுக்க அவ்வகை உதவும். பீனைல் தொகுதியும் கலந்தால் வளைந்து கொடுக்கும், மிகு வெப்பம் பொறுக்கும். மின்னோடிச் சுருளுக்குரிய வார்னிஷ் இவ்வகையே. 180 பாகை வரை நெடுநாள் தாங்குவதால், அதே ஆற்றலுள்ள மின்னோடியைச் சிறியதாகச் செய்ய இயலும். ஆல்கைடு, எப்பாக்சி முதலிய பிற பிசின்களோடு இணைத்தவை வெயிலில் வெளிறாத வண்ணப்பூச்சுகளாகின்றன. ஆலைப் புகைபோக்கிக்கு அலுமினியத் தூள் கலந்து பூசுவதில் ஒரு நுட்பம் உண்டு: வெப்பம் மிகும்போது கரிமத் தொகுதிகள் எரிந்துபோக, எஞ்சிய சிலிக்காவே உலோகத் தூளைப் பற்றி நின்று காக்கிறது. ரொட்டித் தகடுகளில் மாவு ஒட்டாமலிருக்கவும், அபிரகத் தாள்களை ஒட்டிப் பலகையாக்கவும், ஒளியுமிழ் இருமுனையங்களை மூடிக் காக்கவும் இவ்வினப் பிசின்களே பயன்படுகின்றன.

கடலடிக் கம்பியில் கெத்தா பெர்ச்சாவின் இடத்தைப் பிடித்தது சிலிக்கோன் அன்று; 1933இல் கண்டறியப்பட்ட பாலித்தீன். 1956இல் அட்லாண்டிக்கில் இடப்பட்ட முதல் தொலைபேசிக் கம்பியில் பாலித்தீனே போர்வையாயிற்று. பல் மருத்துவர் வேர்க்குழாயை அடைக்கும் மெல்லிய குச்சியில் மட்டும் கெத்தா பெர்ச்சா இன்றும் வாழ்கிறது. சிலிக்கோன் மணலிலிருந்து வருவதால் காட்டுக்குக் கேடில்லை எனச் சிலர் கருதுவர். படிகக் கல்லிலிருந்து சிலிக்கானைப் பிரிக்கும் மின்னுலையில் கல்லோடு கரியும் இடவேண்டும். நிலக்கரியுடன் மரக்கரியையும் மரச்சில்லுகளையும் இன்றும் பல உலைகளில் இடுகின்றனர்.